மிச்ச ஒன்பது வாக்கியம்

வழக்கறிஞர் சங்க நூலகத்தில்
ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு தகரப் பெட்டி.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை போன இரவிலும்
இதற்குள் தண்ணீர் போகவில்லை.
கறையான் போனது.

மூடியில் வெள்ளை மையில்: ஏ. குரோஸ்லி, அப்புக்காத்து.
ஊர் கூப்பிட்டது குறுசிலித் துரை என்று.

முதலில் விசர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.
வழக்குப் பேச வந்தவனிடம்
பழைய ஏடு இருக்கா, செப்பேடு இருக்கா,
உங்கட வயலுக்கு ஏன் அந்தப் பேர் என்று கேட்கிற துரை.
கோட்டைச் சுவரால் உதிர்ந்த ஒல்லாந்தர் கல்லுக்கெல்லாம்
இலக்கம் போட்டு வைத்திருக்கிறான்.
மண்முனைத் துறையில் தோணி தாங்குகிறவனிடம்
வாவியின் முனை ஒவ்வொன்றுக்கும் பேர் கேட்டு
நாற்பத்தொன்றை எழுதி,
நாற்பத்திரண்டாவதற்கு நேரே
'சிரித்தான், சொல்லவில்லை.'

ழகரம் கடைசிவரை வரவில்லை அவனுக்கு.
வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கொக்கி.
பழுகாமத்தில் ஒன்று, மகிழடித்தீவில் ஒன்று,
ஊர் ஊராகத் தூண்டில் போட்ட மாதிரி.
மீன் பாடுவது பற்றி ஒரே வரி:
'கேட்டேன். தவளையாக இருக்கலாம்.'

பதினேழாம் கொப்பி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
கிளாமடு வட்டை, எட்டு அவணம்.
துரை தோன்றுவது வைரமுத்துப்போடிக்காக.
எதிரே பத்தினிப்பிள்ளை.
தாய்க்குத் தாய் வழியே வந்து
சீதனமாய்த் தனக்கு இறங்கின காணி என்கிறாள்,
கையில் உறுதி இல்லை.

தகப்பன் பெயர் என்ன, என்கிறான் துரை.
குடியின் பெயரைச் சொல்கிறாள்.
மறுகாவும் கேட்கிறான்.
மறுகாவும் குடி.
பிறகு கூட்டுக்குள் நின்றபடி
மூச்சு விடாமல் பத்து வாக்கியம் பேசுகிறாள்.
துவிபாஷி எலியாத்தம்பி ஆங்கிலத்தில் சொன்னது ஒன்று:
மறுக்கிறாள், கனம் கோட்டார் அவர்களே.

அன்றிரவு எலியாத்தம்பியை லாம்படியில் இருத்தி,
சாராயம் ஊற்றி,
மிச்ச ஒன்பதையும் வாங்கிவிட்டான்.

வாய்க்கால் வெட்டினது ஆர் என்று முதலாவது.
தலைப்பிள்ளையைப் புதைத்த வரம்பு எது என்று
இரண்டாவதும் மூன்றாவதும்.
நாலாவதைக் கறையான் தின்றுவிட்டது.
ஐந்தாவது:
போடியாரின் உறுதியில் சாட்சிக் கையெழுத்து வைத்தவன்
உறுதி எழுதுவதற்கு முந்தின மாரியிலேயே
வாந்திபேதியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.
மற்றதெல்லாம் ஏச்சு.
ஏச்சையும் விடவில்லை, சொல்லுக்குச் சொல் எழுதி,
ஓரத்தில்: 'செழிப்பான வட்டார வழக்கு.'

ஆறு நாள் கழித்துத் தீர்ப்பு.
வென்றான்.
கொப்பியில் அதற்கு அரை வரி, கட்டணத்தோடு சேர்த்து.
மிச்ச அரை வரியில்
ஏறாவூரில் கிடைத்த செப்புக்காசு ஒன்று,
தேய்ந்தது, தலை தெரியவில்லை.

நல்லவனா என்று என்னிடம் கேட்காதேங்க.
ஆறு நாள் தெரிந்துகொண்டு இருந்தான்.
ஆனால் அவன் எழுதாமல் விட்டிருந்தால்
பத்தினிப்பிள்ளை இந்த உலகத்தில் பேசினது
'மறுக்கிறாள்' என்பதோடு சரி.
இரண்டும் ஒரே கை, ஒரே மை.

நாளைக்குக் களுவாஞ்சிகுடிக் கோட்டில்
கிளாமடு வட்டைக்குப் பாகப்பிரிவினை வழக்கு.
எதிராளி அவளுடைய மகளின் மகளின் மகள்,
என் வயதுதான் இருக்கும்,
கையில் உறுதி இல்லை.
நான் தோன்றுவது போடியாரின் கொள்ளுப்பேரர்களுக்கு.
செத்தவன் கையெழுத்து வைத்த உறுதியை
ஆவணம் ஒன்று என்று அடையாளமிட்டு
போன தவணையே நான்தான் கொடுத்தேன்.

போட்டோக்கொப்பி பக்கம் இருபது ரூபா.
ஐந்து மணிக்கு நூலகத்தைப் பூட்டுவார்கள்.
பெட்டியை மூடினேன், திறந்தேன்.
ஐந்தாம் வாக்கியத்தின் தொடக்கத்தில்
ஒரு கறையான்,
வெள்ளையாய், அரிசிக் குறுணி அளவில்,
ஆறுதலாய்த் தின்றுகொண்டிருக்கிறது.
விரலால் தட்டிவிடக்கூடிய தூரம்தான்.
நான் இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.